பெரிய சைஸ் சினிமா அரக்கன் ஆக்‌ஷன் ஃபிகரை (மூட்டுகள் அசையும் பொம்மையை) செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாதத்தில் இருந்து ஆரம்பியுங்கள். விற்பவர் போடும் படங்களில் பெரும்பாலும் தலை, பல், நகம்தான் இருக்கும். அவை ஏறக்குறைய எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். 18 அங்குலத்துக்கு மேல் போன ஃபிகரைக் கெடுப்பது அதன் சொந்த எடை. அந்த எடை இறங்கும் இடம் கணுக்காலும் இடுப்பும். அந்த இரண்டையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

கணக்கு எளிது. 7 அங்குல ஃபிகர் ஒன்றை அப்படியே மூன்று மடங்காக்கி 21 அங்குலம் ஆக்கினால் எடை 27 மடங்கு கூடும். கணுக்காலில் பாதத்தையும் காலையும் இணைக்கும் முளையின் குறுக்குப் பரப்பு 9 மடங்குதான் கூடும். ஆக, முளையின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் மூன்று மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். இதனால்தான் பெரிய ஃபிகர்களில் உடம்பையும் தொடையையும் உள்ளே வெற்றாக வார்க்கிறார்கள், ஜாயிண்டுகளுக்கு மட்டும் ஏ.பி.எஸ். அல்லது பி.ஓ.எம். போன்ற கெட்டியான பிளாஸ்டிக்கைப் போடுகிறார்கள். அப்படியும் சாய்கிறது. மனித உருவத்தை விட அரக்கனுக்கு இது இன்னும் மோசம். குதிகால் தூக்கி, முழங்கால் மடங்கி, முன்னால் குனிந்து நிற்கும் உருவத்தில் தலையின் எடை விரல் நுனிக்கு மேல் வந்துவிடும்.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஸ்டாண்டும் சுவரும் இல்லாமல் ஃபிகர் தனியாக நிற்கும் இரண்டு படங்கள்: ஒன்று இரவில், மற்றது மறுநாள் காலையில், கேமரா இருந்த இடம் மாறாமல் பக்கவாட்டில் எடுத்தது. அரை நிமிட வீடியோவில் எல்லா ஃபிகரும் நிற்கும். ஒரு ராத்திரி தாண்டியும் அதே கோணத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

சாய்வு இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். அது இரண்டு வகை. ஜாயிண்ட் தளர்ந்து சாய்வது ஒன்று, பிளாஸ்டிக்கே வளைந்து சாய்வது இன்னொன்று. மூட்டைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு உடம்பை நிமிர்த்துங்கள். மூட்டு நகராமலேயே பாகம் மெல்லப் பழைய சாய்வுக்குத் திரும்பினால் வளைந்திருப்பது பிளாஸ்டிக். பி.வி.சி. என்ற மென்மையான பிளாஸ்டிக் என்றால் இதைச் சரிசெய்யலாம்: 70 முதல் 80 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் மூழ்கவைத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். கொதிக்கும் நீர் வேண்டாம், பெயிண்ட் உரியும். உள்ளே பேட்டரி அறை இருந்தால் நீர் கூடாது, ஹேர் டிரையர்தான். மறுபடி அதே கோணத்தில் நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடி வளையும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

தளர்ந்தது பந்து மூட்டு என்றால் பந்தைக் கழற்றி, நிறமற்ற அக்ரிலிக் பாலிஷை மெல்லிய பூச்சாகத் தடவி, முழுசாகக் காயவிட்டுப் பொருத்தினால் இறுகும். ராட்செட் என்றால் கதை வேறு. பெரிய ஃபிகர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் ‘டக் டக்’ என்று படிப்படியாக நகரும் மூட்டு அதுதான். ஒவ்வொரு படியிலும் சத்தம் தெளிவாகவும் ஒரே அளவாகவும் கேட்க வேண்டும். ஒரு படியில் சத்தமே இல்லாமல் வழுக்கினால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது. தொடை ஓடுகளை ஒட்டி மூடியிருப்பார்கள், அறுக்காமல் உள்ளே போக முடியாது. இந்தக் குறை உள்ளதை நிரந்தரமாக ஸ்டாண்டில் நிறுத்தும் பொருளாக எண்ணித்தான் விலை பேச வேண்டும்.

அசையாத மூட்டும் சந்தேகத்துக்கு உரியதே. பெரும்பாலும் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், டிரையரால் சூடாக்கி மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் விடும். விற்பவர் பலத்தால் திருப்பியிருந்தால் முளையில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பிளாஸ்டிக் உள்ளே கிழியத் தொடங்கியதன் அடையாளம் அது. கோடு சுருளாகச் சுற்றிப் போனால் இன்னும் சில திருப்பலில் முறியும். முறிந்த முளை பி.ஓ.எம். என்றால் சூப்பர் குளூ அதில் பிடிக்காது. இரு பக்கமும் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகினால்தான் தாங்கும், 20 அங்குலத்துக்கு மேல் என்றால் 3 மில்லிமீட்டர் கம்பி. ஆகவே இடுப்பின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், உள்ளங்காலில் ஸ்டாண்ட் செருகும் துளையைச் சுற்றிய இடம் ஆகிய மூன்றையும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துளையில் இருந்து கிளம்பும் மயிரிழை விரிசல் சாதாரண படத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும்.

வால் அலங்காரம் மட்டுமல்ல, பல அரக்கன்களுக்கு அதுதான் மூன்றாவது கால். உள்ளே கம்பி வைத்த வளையும் வால் என்றால் நுனியில் இருந்து அடி வரை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கூர்மையாக மடங்கி, அதற்கு அப்புறம் தொங்கினால் கம்பி உடைந்துவிட்டது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்த உலோகம் அங்கேதான் விட்டுப்போகும். உடைந்த முனை நாளடைவில் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

பழைய பொருள் என்றால் முழுமைதான் விலையைத் தீர்மானிக்கும். ‘ஏலியன்’ படத்தின் அரக்கனைப் பொம்மை நிறுவனமான கென்னர் 1979-ல் 18 அங்குலத்தில் வெளியிட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஒளிபுகும் டோம், அதன் அடியில் இருட்டில் ஒளிரும் மண்டையோடு, தலையின் பின்னால் இருக்கும் விசையை அழுத்தினால் வெளியே வரும் உள்தாடை, ஸ்பிரிங் வைத்த கைகள். டோம் தொலைந்திருக்கும், உள்தாடை போயிருக்கும், முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் முறிந்திருக்கும். மாற்று டோம்கள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. உடம்பெல்லாம் தேய்ந்திருக்க டோம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தால் அசலா என்று நேராகக் கேளுங்கள். மாற்று டோம் போட்டிருப்பது தப்பில்லை, அசல் விலை கேட்பதுதான் தப்பு. அதே பத்தாண்டில் இன்னொரு பொம்மை நிறுவனமான மேட்டல் தன் ஷோகன் வாரியர்ஸ் என்ற பொம்மை வரிசையில் விட்ட பெரிய காட்ஸில்லாவில் சுடும் முஷ்டியும் தீ நாக்கும் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. பறக்கும்படி செய்த பாகம் எதுவோ அதுதான் முதலில் தொலையும். இன்னொன்று: பாதத்திலோ முதுகிலோ பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டைத் தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுவெளியீட்டிலும் பழைய ஆண்டே இருக்கலாம்.

தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை. பி.வி.சி.யை மென்மையாக வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற ரசாயனம் மேலே கசிகிறது. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவிக் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தினால் அடங்கும். ஆல்கஹால் வேகமாக வேலை செய்யும், பெயிண்டையும் சேர்த்து எடுத்துவிடும். சீல் பிரிக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மூடிய பெட்டிக்குள் அந்தக் கசிவு வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகிறது, இறுக்கமான தட்டில் அழுந்திய வால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது, மூட்டைச் சோதிக்கவும் வழியில்லை. பி.வி.சி. ஃபிகர் என்றால், கவனமாக வெளியே வைத்திருந்ததையே நான் நல்லது என்பேன். நுரையின் மேல் ரப்பர் தோல் போர்த்திய வகை மட்டும் விதிவிலக்கு: பெட்டியின் அடியில் மஞ்சள் தூள் கிடந்தால் உள்ளே நுரை பொடிந்துகொண்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது.

பெயிண்டில் பார்க்க வேண்டியது மூட்டின் உள்வளைவு. மூட்டை முழுக்க மடக்கி, பிறகு முழுக்க விரித்துப் படம் கேளுங்கள். கறுத்த அரக்கனில் உள்ளே வெளுத்த பிளாஸ்டிக் தெரிந்தால் காட்சிக்கு வைக்கும்போது அந்தத் தோரணையைத் தவிர்க்க வேண்டியிருக்கும். பல்லும் ஈறும் சேரும் கோடு நேராக இருக்கிறதா என்பது தயாரிப்பாளரின் அக்கறையைக் காட்டும்.

போலிகளை முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அசலில் இருந்து அச்சு எடுத்து வார்த்தது குளிரும்போது சற்றே சுருங்குவதால் அளவு குறையும், செதில்களின் விளிம்பு மழுங்கும், அசல் உதிரி பாகம் பொருந்தாது. அளவுகோல் பக்கத்தில் வைத்த படம் கேளுங்கள். அளவு விஷயத்தில் விற்பனைக் குறிப்பையும் நம்ப முடியாது: 30 அங்குலம் என்று போட்டிருப்பது மூக்கில் இருந்து வால் நுனி வரையாக இருக்கும். காட்ஸில்லா 1954 படத்தில் 50 மீட்டர், 2014 படத்தில் 108 மீட்டர் என்பதால் ஸ்கேல் எண்ணும் (படத்தில் உள்ள உயரத்துக்கும் ஃபிகரின் உயரத்துக்கும் உள்ள விகிதம்) உதவாது. தரையில் இருந்து உச்சந்தலை வரை, வாலோடு சேர்த்த ஆழம், எடை ஆகிய மூன்றும் வேண்டும். அலமாரிக்குள் அடங்காமல் போவது பெரும்பாலும் உயரத்தால் அல்ல, ஆழத்தால்.

கண்ணில் விளக்கு எரிவது என்றால் கழுத்தை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே எரிய வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒயர் அங்கேதான் அறுபடும். பேட்டரி அறையில் வெள்ளைப் படிவு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் அதை மாற்ற வேண்டும்.

பார்சலில் வாலையும் டோமையும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். பபிள் ரேப் நேரடியாகத் தோலில் படக் கூடாது, குமிழ் அச்சு விழும். முதலில் அமிலமற்ற மெல்லிய தாள், அதன் மேல் ரேப். குளிர்ந்த பார்சல் வந்ததும் எதையும் திருப்பாதீர்கள். அறை வெப்பத்துக்கு வர அரை நாள் விடுங்கள், குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும். பிறகு முதலில் கணுக்கால், அடுத்து இடுப்பு, கடைசியாகத்தான் கை.