பல்கலைக்கழக நிதி இல்லாமல் துடுப்புப் படகு கிளப்பை நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் ஆண்கள் துடுப்புப் படகோட்டம், பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விளையாட்டு அல்ல. பல அணிகள் உறுப்பினர் சந்தாவில்தான் ஓடுகின்றன. எடுத்த எடுப்பில் எட்டுப் பேர் படகு வாங்காதீர்கள். ஒருவர் வராவிட்டாலும் அது கரையிலேயே கிடக்கும். பழைய நால்வர் படகு இரண்டு போதும். சந்தாவைப் பருவம் தொடங்குமுன் வசூலித்துவிடுங்கள். பாதியில் விலகுபவர்களால்தான் கணக்கு உதைக்கும்.

ஓட்டி முடித்ததும் இருக்கை நகரும் தண்டவாளத்தில் படியும் கருப்பு மசியைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் தேயும். டிரெய்லரில் ஏற்ற ரிக்கரை (துடுப்பைத் தாங்கப் படகின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சட்டம்) கழற்றினால், நட்டையும் வாஷரையும் அதே போல்ட்டில் கையால் திருகி வையுங்கள். பையில் கொட்டினால் போட்டியன்று காலையில் தேடி அலைவீர்கள். செலவில்லாத, ஆனால் உயிர்காக்கும் வேலை ஒன்று: படகில் பொருத்தியிருக்கும் ஷூவின் குதிகாலைக் கீழே கட்டிவைக்கும் கயிற்றைச் சரிபார்ப்பது. கயிறு தளர்ந்து ஷூவின் குதிகால் அதிகமாக எழும்பினால், படகு கவிழும்போது கால் ஷூவிலிருந்து வராமல் சிக்கிக்கொள்ளும். இற்றுப்போன கயிற்றை அன்றே மாற்றுங்கள்.