வேலை நாளில் ஒரே சட்டியில் கௌப்பி மரக்கறி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மட்டக்களப்பு டவுனில் வேலை முடிந்து களுவாஞ்சிக்குடிக்கு வர ஆறரை ஆகிவிடும். மூன்று கறி வைக்க ஏலாது. கௌப்பிப் பயறும் மரக்கறியும் சேர்த்து ஒரே கறியாக வைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: வைக்கலாம் தங்கச்சி, முதல்நாள் இரவே கை வைத்துவிட்டால். படுக்கப் போகும்போது ஒரு சுண்டு கௌப்பியைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். மேசையிலேயே விட்டுப் போனால், நம்ம ஊர் வெக்கைக்குப் பின்னேரம் நுரைத்து மணக்கும்.

வந்ததும் குக்கரில் மூன்று விசில். அதற்குள் பூசணி, கத்தரிக்காய், பயற்றங்காய் வெட்டிவிடலாம். சட்டியில் கடுகு, வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, இரண்டு பச்சைக் கொச்சிக்காய் தாளித்து, மஞ்சளும் இரண்டு தேக்கரண்டி கறித்தூளும் போட்டு ஒரு பிரட்டு. பயற்றங்காயும் கத்தரிக்காயும் முதலில். பூசணி ஐந்து நிமிடம் கழித்து, இல்லாவிட்டால் கரைந்துபோகும். பிறகு உப்பு, தேங்காயின் இரண்டாம் பால், வெந்த கௌப்பி. ஒரு கரண்டி கௌப்பியைச் சட்டியின் ஓரத்தில் வைத்து மசித்துவிடுங்கள். குழம்பு தடிக்க வேறு எதுவும் வேண்டாம். கடைசியில் முதற்பால், அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய்ப் புளி. புட்டுக்கும் சரி, பாணுக்கும் சரி.

கேள்வி: நான் எவ்வளவு அவித்தாலும் கௌப்பி கல்லு மாதிரியே கிடக்கிறது. தக்காளியும் சேர்த்துத்தான் அவிக்கிறேன். உப்புப் போட்டதால் இறுகியதா?

பதில்: உப்பு மேல் பழி வேண்டாம். ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இன்னும் மெதுவாகும். குற்றவாளி தக்காளிதான். புளிப்பு இருந்தால் பயற்றின் உள்சுவர் லேசில் இளகாது. அதனால் தக்காளி, பழப்புளி எதுவானாலும் பயறு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான். இன்னொன்று, வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எப்படி அவித்தாலும் முழுதாக இளகாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் கூடினால் சவர்க்காரச் சுவை வரும், சத்தும் போகும். எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மாமி மெதுவாகச் சமைக்கும் மின்சட்டி ஒன்று அனுப்பினார். சிவப்பு போஞ்சி விதையைக் காலையில் அதில் போட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தச் சிவப்பு விதையில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. அரைகுறையாக வெந்த நாலைந்து விதை தின்றாலே மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். அந்தச் சட்டி கொதிக்காமல் இளஞ்சூட்டில் வேகவைப்பது. 80 பாகை செல்சியஸ் அளவில் நின்றால் நஞ்சு கூடவும் செய்யும். ஐந்து மணித்தியாலமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத்தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். நான் அரை மணித்தியாலம் விடுவேன். அதற்குப் பிறகு மாமியின் சட்டிக்கு மாற்றலாம். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

கேள்வி: ஊறப்போட மறந்துவிட்டால்?

பதில்: பாசிப்பயறு இருக்கிறதே. ஊறாமலே அரை மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். மைசூர்ப் பருப்பு அதையும் விடச் சீக்கிரம்.

கேள்வி: பால் திரிந்துவிடுகிறது.

பதில்: முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீர்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்குங்கள்.

கேள்வி: இரும்புச்சத்துக் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். இந்தக் கறி உதவுமா?

பதில்: பயற்றில் இரும்பு இருக்கிறது, ஆனால் மீன், இறைச்சியில் உள்ளதைப் போல லேசாக உடம்பில் சேராது. தேசிக்காய் பிழிந்தால் கூடுதலாகச் சேரும். முருங்கையிலையும் ஒரு பிடி போடுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள், தேயிலை அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிளினிக்கில் தந்த குளிசையை இதற்காக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மீன் வாசம் இல்லாமல் சோறு இறங்காது, அக்கா.

பதில்: வாவிக்கரையில் இருந்துகொண்டு வேறென்ன கேட்பீர்கள்! கறிக்குள் போடாதீர்கள், மிஞ்சியதை மறுநாள் பாணுக்கு வைக்க முடியாது. கருவாட்டைத் தனியாகப் பொரித்து, கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.