பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் பழுப்புக் கலங்கல்: காரணம் அமிலப் பற்றாக்குறை

தரம்பார்த்தலில் (ஒரு கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டறியும் முறை) ஆக்சாலிக் அமிலக் கரைசல் 20 மி.லி.க்கு 5 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, சூடாக்காமலே பெர்மாங்கனேட்டை மளமளவென்று விட்டதாகவும், குடுவை பழுப்பாகக் கலங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழுப்பு நிறம் அதனால்தான். அது மாங்கனீசு டைஆக்சைடு. அமிலம் போதாதபோது மாங்கனீசு +7 ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +2 வரை இறங்காமல் +4இலேயே நின்றுவிடும். 5 எலக்ட்ரானுக்குப் பதில் 3தான் ஏற்கும். அதனால் கூடுதல் பெர்மாங்கனேட் செலவாகி, பியூரெட் (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாய்) அளவு கூடிப்போகும்.

1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) கந்தக அமிலம் 20 மி.லி. சேருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், குளோரைடும் ஆக்சிஜனேற்றமாகி அளவைக் கெடுக்கும். குடுவையை 60–70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும்.

முதல் சில துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும். அவசரப்படாமல், நிறம் போன பிறகே அடுத்த துளியை விடுங்கள். உருவாகும் மாங்கனீசு(II) அயனியே வினையூக்கி, பிறகு வேகம் தானாகக் கூடும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வெளிர் இளஞ்சிவப்பு 30 நொடி நின்றால் அதுதான் முடிவுநிலை. பெர்மாங்கனேட் கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் பிறைதளத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பு) மேல்விளிம்பையே படியுங்கள்.

உங்கள் 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி.க்கு 0.02 மோலார் பெர்மாங்கனேட் சரியாக 20 மி.லி. செலவாக வேண்டும் (மோல் விகிதம் 5:2). பழுப்பான குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்; அந்த அளவைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.