காசினோ ஒழுங்குமுறையில் பணியாற்றிய வழக்கறிஞர் ஒருவர் தொழிலதிபராகவும் விளையாட்டு அணியின் உரிமையாளராகவும் உயர்வது எப்படி?

நியூ ஜெர்சி மாநிலம் 1977-இல் இயற்றிய காசினோ கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் கேட்பவரே தம் நேர்மையையும் தம் பணம் வந்த வழியையும் நிரூபிக்க வேண்டும். ஆகவே அந்த விண்ணப்பங்களை ஆராயும் அரசு வழக்கறிஞர், கடன் ஒப்பந்தங்கள், பங்குதாரர்கள், வரிக்கணக்குகள் என ஒரு நிறுவனத்தின் உள்ளமைப்பு முழுவதையும் படித்தறியும் அரிய பயிற்சியைப் பெறுகிறார். பணியிலிருந்து விலகியவுடன் உரிமம் பெற்ற காசினோவில் சேரச் சட்டம் தடை விதிப்பதால், பிற தொழில்களை நாடுவது இயல்பே.

விளையாட்டு உலகிலும் இத்தகைய சோதனை உண்டு. அமெரிக்காவில் ஓர் அணியை வாங்க, மற்ற உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும். எட்வர்ட் டிபார்டலோ என்ற தொழிலதிபர் 1980-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியை வாங்க முயன்றபோது, சூதாட்டத்தோடு தொடர்புடைய குதிரைப் பந்தயத் திடல்கள் அவருக்குச் சொந்தமாக இருந்ததும் மறுப்புக்கு ஒரு காரணமாயிற்று.

மறு ஆண்டே அவ்வணியைச் சுமார் 2 கோடி டாலருக்கு வாங்கிய குழுவின் தலைவர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப், காசினோத் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்றாலும், இப்பாதையை விளக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பேன். வருமான வரித்துறையின் வழக்கறிஞராகத் தொடங்கிய அவர், 1973-இல் பால்கோர் என்ற நிலவணிக முதலீட்டு நிறுவனத்தை நிறுவினார். பலரின் முதலீட்டை ஒன்றுதிரட்டும் கூட்டாண்மை முறையில் அங்குப் பெற்ற தேர்ச்சியே அணிகளை வாங்கவும் கைகொடுத்தது. 1985-இல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியும் அவர் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.