மாரத்தான் பயிற்சியின் நீள்ஓட்டத்தை வார இறுதியில்தான் ஓட வேண்டுமா?

நீள்ஓட்டம் என்பது வாரத்திலேயே அதிக தூரம் போகும் ஓட்டம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். 42.195 கிலோமீட்டர் தாங்க, உடல் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கப் பழக வேண்டும். தசைநார்களும் மெல்ல உறுதியாக வேண்டும். இதற்குச் சீரான இடைவெளிதான் முக்கியம், கிழமை அல்ல. செடிக்குத் தண்ணீர் விடுவது போலத்தான்: பல நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றினால் வேர் குடிக்காது.

குடும்பத்தோடு வெளியே போகும் வாரத்தில் நீள்ஓட்டத்தைப் புதன் விடியற்காலைக்கு மாற்றுங்கள். அன்று குழந்தைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது யார் என்பதை ஞாயிறு இரவே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. மலையேற்றம் போனால் அதையும் பயிற்சிக் கணக்கில் சேருங்கள். ஆனால் இறக்கத்தில் கவனம் வேண்டும். முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால், வலி பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். படி இறங்கும்போது தொடை நடுங்கினால் வேக ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தவறவிட்ட நீள்ஓட்டத்தை அடுத்த வார தூரத்தோடு சேர்த்து ஓடி ஈடுகட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காயத்தில்தான் கொண்டுபோய் விடும், அந்த வாரத்துக்குரிய தூரத்தை மட்டும் ஓடுங்கள்.