ஃப்ளோரசன்ஸ் (லைட் வாங்கின மாலிக்யூல் திருப்பி விடுற வெளிச்சம்) குறைஞ்சா எலக்ட்ரான் தாவிடுச்சுன்னு அர்த்தமா? டோனர்-அக்செப்டர் (எலக்ட்ரான் கொடுக்கிறது, வாங்குறது) கேள்வி பதில்

கே: அக்கா, ஜிங்க் போர்பிரினையும் (டோனர்) சி60-யையும் (அறுபது கார்பன் உருண்டை, அக்செப்டர்) ஒரே மாலிக்யூலா சேர்த்தோம். ஃப்ளோரசன்ஸ் சுத்தமா போயிடுச்சு. எலக்ட்ரான் ட்ரான்ஸ்ஃபர்னு எழுதிடலாமா?

ப: இப்போ எழுதாதீங்கம்மா. போர்பிரினோட சிங்லெட் (லைட் வாங்கினதும் ஏறி நிக்கிற நிலை) சுமார் 2.05 எலக்ட்ரான் வோல்ட், சி60-து சுமார் 1.75, அதனால எனர்ஜி மட்டும் அந்தப் பக்கம் இறங்கியிருந்தாலும் இதே மாதிரிதான் குறையும். லேசர் பல்ஸ் அடிச்சு ட்ரான்சியன்ட் அப்சார்ப்ஷன் (பல்ஸ் அடிச்ச உடனே எந்த லைட்ட உறிஞ்சுதுன்னு பாக்குறது) எடுங்க. 1000 நானோமீட்டர் பக்கத்துல சி60 நெகடிவ் அயனோட பட்டை, 600-700ல போர்பிரின் பாசிடிவ் அயனோட பட்டை, ரெண்டும் சேர்ந்து ஏறி சேர்ந்தே இறங்கணும். அதைக் கண்ணால பாத்துட்டு எழுதுங்க.

கே: டிரைவிங் ஃபோர்ஸ் (எலக்ட்ரான் தாவுறதுல இறங்குற எனர்ஜி) கூடினா வேகம் குறையும்ங்கறது எப்படி சார், ஒத்துக்கவே முடியல.

ப: நான் சார் இல்ல தம்பி, அக்கா. இத ரொம்ப நாள் பல பேர் ஒத்துக்கல. மார்கஸ் 1956ல தியரி போட்டார். எலக்ட்ரான் தாவணும்னா மாலிக்யூலும் சுத்தி இருக்கிற சால்வென்ட்டும் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கணும், அந்தச் செலவுதான் ரீஆர்கனைசேஷன் எனர்ஜி, டிரைவிங் ஃபோர்ஸ் அதுக்குச் சமமா வந்தா வேகம் உச்சம், தாண்டினா இறங்கும். 1970ல ரேம், வெல்லர் அளந்தப்ப இறங்கவே இல்ல, ஒரே மட்டத்துல நின்னுது, ஏன்னா ரெண்டு மாலிக்யூலும் சால்வென்ட்ல நீந்தி வந்து சேர்ற வேகமே எல்லையாயிடுச்சு. 1984ல மில்லரும் க்ளோஸும் ஸ்டீராய்டு எலும்புக்கூட்டோட ரெண்டு முனைல டோனரையும் அக்செப்டரையும் கட்டி வச்சு அளந்தாங்க, தூரம் மாறல, இறங்குமுகம் தெளிவா தெரிஞ்சுது (அவங்க ஆரம்பிச்சது லைட்டால இல்ல, எலக்ட்ரான் பல்ஸால). மார்கஸுக்கு 1992ல நோபல். சி60 பெரிய உருண்டை, சார்ஜ் முழுக்கப் பரவிடும், செலவு கம்மி, அதனால போறது சட்டுனு நடக்குது, திரும்பி வர்றது இறங்குமுகத்துல மாட்டி மெதுவாகுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

கே: எங்க சாயத்துல ஃப்ளோரசன்ஸ் 90 சதவீதம் குறைஞ்சுது, எலக்ட்ரான் ட்ரான்ஸ்ஃபர் தானே?

ப: முதல் பதில்.

கே: வீட்டுக்கு எந்த சோலார் பேனல் வாங்கலாம்?

ப: அது சிலிக்கான், என் துறை இல்ல. பேனல் மாட்டுறவங்களக் கேளுங்க.

கே: மெசிடைல் அக்ரிடினியத்துல (டோனரும் அக்செப்டரும் ஒட்டின ஒரு சாயம்) சார்ஜ் ட்ரான்ஸ்ஃபர் நிலை (எலக்ட்ரான் தாவின நிலை) 2 மணி நேரம் நிக்குதாமே?

ப: ஃபுகுசுமி குழு 2004ல 203 கெல்வின்ல அப்படித்தான் சொன்னாங்க, 2.37 எலக்ட்ரான் வோல்ட்னும் போட்டாங்க. அடுத்த வருஷமே பென்னிஸ்டன், ஹாரிமன் தரப்பு அக்ரிடினியத்தோட சொந்த ட்ரிப்லெட் (எலக்ட்ரான் தாவாம, ஸ்பின் மட்டும் மாறி நிக்கிற நிலை) அதவிடக் கீழ இருக்கு, அவ்வளவு நேரம் எப்படி நிக்கும்னு கேட்டாங்க. நான் ட்ரிப்லெட் பக்கம்தான்.

கே: (அதே ஆள்) ஆனா போட்டோகேட்டலிஸ்டா (லைட் வாங்கி ரியாக்‌ஷன் நடத்துற பொருளா) பிரமாதமா வேலை செய்யுதே அக்கா?

ப: செய்யுது, ஆனா அது சாட்சி ஆகாது. லைட் வாங்கின அக்ரிடினியமே பயங்கரமான ஆக்ஸிடைசர், எதுலேர்ந்தும் எலக்ட்ரானப் பிடுங்கும், அதுக்கு 2 மணி நேரம் நிக்கணும்னு அவசியமே இல்ல. ரியாக்‌ஷன் நடக்குதுங்கறது வேற, எந்த நிலை வழியா நடக்குதுங்கறது வேற, இது ரெண்டையும் குழப்பாதீங்க.

கே: குவென்ச்சிங் (ஃப்ளோரசன்ஸ் குறையுறது) வந்தா...

ப: முதல் பதில், தயவுசெஞ்சு.

கே: லைட் வாங்கின நிலையோட லைஃப்டைம் அளந்தா தினம் ஒண்ணு வருது அக்கா.

ப: சாம்பிள்ல கரைஞ்சிருக்கிற ஆக்ஸிஜன்தான் காரணம். நானும் ஒரு மாசம் இதுல தொலைச்சேன், ஆர்கான் ரெண்டு நிமிஷம் ஊதிட்டு போதும்னு நினைச்சிருந்தேன். சாம்பிள உறைய வச்சு, பம்ப் போட்டு, உருக்குங்க, குறைஞ்சது மூணு தடவ, மூணாவது தடவ உருகுறப்ப குமிழி வந்தா நாலாவதும் போடுங்க.