கயோட்டி வேட்டைக்கு எந்தக் காலிபர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெக்சஸ் சான் ஆஞ்சலோ பகுதியிலிருந்து ஒரு வாசகர்: ஆட்டுப் பட்டியைச் சுற்றிக் கயோட்டி (நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) தொல்லை. 400 கெஜம் வரை சுட வேண்டியிருக்கும். கையில் .223 காலிபர் (தோட்டா வகை) ரைஃபிள் இருக்கிறது. .22-250 வாங்கலாமா, .243-ஆ, 6 எம்எம் கிரீட்மூரா? கடையில் “வேகம்தான் முக்கியம்” என்கிறார்கள்.

250 கெஜத்துக்குள் என்றால் அவர்கள் சொல்வது சரிதான். 400 என்று வந்துவிட்டால், வேகத்தைவிட காற்றில் குண்டு எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கயோட்டி பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், பாதி மயிர்தான். எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவுக்குள். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 5 அங்குல வட்டம். அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் இரண்டரை அங்குலம்தான் தவறலாம். அதற்கு மேல் தவறினால் வயிற்றிலோ காலிலோ பட்டு, விலங்கு புதருக்குள் போய்க் கிடந்து சாகும். அப்படி ஒன்று நேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

குண்டு கீழே இறங்குவது பெரிய பிரச்சினையே அல்ல. ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லிவிடும், ஸ்கோப்பில் (துப்பாக்கி மேலுள்ள குறிநோக்கி) குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். காற்றை அப்படி அளக்க வழியில்லை. உங்கள் கையில் இருக்கும் கருவி நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். நடுவிலுள்ள ஓடைப் பள்ளத்தில் அது வேறாக வீசும்.

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், கடல் மட்டக் கணக்குப்படி 400 கெஜத்தில் விலகல் ஏறக்குறைய இப்படி வரும். .223-இல் 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, வினாடிக்கு 3240 அடி: 21 அங்குலம். .22-250-இல் அதே 55 கிரெய்ன், 3680 அடி: 17 அங்குலம். 6 எம்எம் குண்டு, 87 கிரெய்ன், சுமார் 3200 அடி: 13 அங்குலம். மூன்றில் மெதுவாகக் கிளம்பும் குண்டுதான் குறைவாக விலகுகிறது. நீளமாகவும் கனமாகவும் இருப்பதால் அது வழியில் வேகத்தை அவ்வளவாக இழப்பதில்லை. 500 கெஜத்துக்குப் போனால் இதே வரிசையில் 36, 29, 21 அங்குலம்.

காற்றை நீங்கள் 2 மைல் தப்பாகக் கணித்தீர்கள் என்று வையுங்கள். பழகியவர்களுக்கே அது சகஜம். 400 கெஜத்தில் .223 நான்கு அங்குலத்துக்கு மேல் தவறும், .22-250 மூன்றரை அங்குலம். 87 கிரெய்ன் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல், விளிம்பில் நிற்கும்.

ஆகவே உங்களுக்கு 6 எம்எம் குண்டுதான். .243, 6 எம்எம் கிரீட்மூர் இரண்டுமே அதே .243 அங்குலக் குண்டைச் சுடுபவை. .243 வின்செஸ்டர் 1955-இலிருந்து இருக்கிறது. மான் வேட்டைப் பகுதியில் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். பேரலின் (துப்பாக்கிக் குழல்) உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதுதான் முறுக்கு; .243-இன் வழக்கமான 10 அங்குல முறுக்கு 87 கிரெய்னுக்குப் போதும். 100 கிரெய்னைத் தாண்டிய நீளக் குண்டுகள் வேண்டுமென்றால் கிரீட்மூர் எடுங்கள். அதன் பேரல் ஏழரை அல்லது 8 அங்குல முறுக்கில் வருகிறது. 400 கெஜம்தான் எல்லை என்றால் .243 போதும். .223-ஐ விற்றுவிடாதீர்கள். அதன் தோட்டா மலிவு, பேரலும் சீக்கிரம் தேயாது. பயிற்சி முழுவதையும் அதில் செய்யலாம்.

குண்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. காகித இலக்குக்கான மேட்ச் குண்டு துல்லியமாகப் போகும், ஆனால் கயோட்டியின் மெல்லிய உடம்பில் விரியாமல் பென்சில் நுழைந்தது போலத் துளைத்துவிட்டுப் போகலாம். பட்டதும் விரியும், பாலிமர் முனை வைத்த வார்மிண்ட் (சிறு விலங்குக்கான) வகை வாங்குங்கள். மறுபக்கத் தவறும் உண்டு: 55, 58 கிரெய்ன் மென்குண்டு கிட்டத்தில் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, ஆழமில்லாத காயத்தோடு விலங்கை ஓடவிடும்.

வயோமிங் லாரமியிலிருந்து: அப்பா காலத்து .22-250. காற்றுக்காக 69 கிரெய்ன் குண்டு வாங்கினேன். 100 கெஜத்திலேயே தட்டு அளவுக்குச் சிதறுகிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் இலக்குக் காகிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தால், குண்டு பக்கவாட்டில் விழுந்து போகிறது என்று பொருள். குறை பேரலின் முறுக்கில். ரெமிங்டன் 1965-இல் .22-250-ஐ ஆலைத் தோட்டாவாகக் கொண்டுவந்தபோது 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கே வழக்கம். அது 55 கிரெய்ன் வரை தாங்கும். 69-க்கு 9 அங்குலம் அல்லது அதைவிட நெருக்கமான முறுக்கு வேண்டும்.

அளந்து பார்ப்பது எளிது. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். கைப்பிடி சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணி மாட்டிப் பேரலுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். கம்பியின் மேல்புறத்தில் ஒரு மைக்கோடு போட்டு, பேரலின் விளிம்பு வரும் இடத்தையும் குறியுங்கள். மெதுவாகத் தள்ளினால் கம்பி சுழலும்; கோடு மறுபடி மேலே வரும்போது நிறுத்தி, உள்ளே போன நீளத்தை அளக்க வேண்டும். அதுதான் முறுக்கு. துணி தளர்வாக இருந்தால் வழுக்கி, தப்பான அளவு வரும். மூன்று முறை செய்யுங்கள்.

14 வந்தால் 55 கிரெய்னுக்கே திரும்பி, 250 கெஜத்தில் ஜீரோ வையுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். நடுவழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு மேல் இரண்டரை அங்குலம்தான் ஏறும், 300 கெஜத்தில் அதே அளவு இறங்கும். அதுவரை எதையும் திருப்பாமல் நடுவில் வைத்துச் சுடலாம். அப்பாவின் துப்பாக்கிக்குப் பேரல் மாற்ற வேண்டியதில்லை, 300-ஐ எல்லையாக வைத்துக்கொண்டால் போதும். உங்கள் ஊர் 7000 அடிக்கு மேல் இருப்பதால் காற்று அடர்த்தி குறைவு. மேலே சொன்ன விலகல்களும் கொஞ்சம் குறையும்.

நெப்ராஸ்காவிலிருந்து: .204 ருகர் எப்படி?

2004-இல் வந்தது. 32 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 4225 அடி. உதைப்பு மிகக் குறைவு என்பதால் குண்டு படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம், தோலும் அதிகம் கிழியாது. 40 கிரெய்ன் போட்டு 300 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்சாஸிலிருந்து: மேஜையில் சுட்டால் 500 கெஜத்திலும் படுகிறது. என் உண்மையான எல்லையை எப்படித் தெரிந்துகொள்வது?

மேஜையை விட்டு வெளியே வாருங்கள். 6 அங்குலக் காகிதத் தட்டுகளை வாங்கி, 200, 300, 400 கெஜத்தில் மாட்டுங்கள். வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே, குளிர்கால உடையோடு, பைபாட் (இருகால் தாங்கி) அல்லது ஊன்றுகோலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து குண்டு. உட்கார்ந்த பத்து வினாடிக்குள் முதல் குண்டு போக வேண்டும். ஐந்தும் பட்ட கடைசித் தட்டுதான் உங்கள் எல்லை. நான்கு பட்டால் அந்தத் தூரம் உங்களுடையது இல்லை.

இன்னொன்று. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலப் பேரலில் எடுத்தது. உங்களுடையது 18 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 25 அடி வாக்கில் குறையும். மொத்தம் 150 அடி. பெட்டி எண்ணைக் குண்டின் பாதையைக் கணிக்கும் கைபேசிச் செயலியில் போட்டுவிட்டு 400 கெஜத்தில் குண்டு ஏன் தாழ்கிறது என்று தேடுபவர்கள் நிறைய. குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) உங்கள் ரைஃபிளின் வேகத்தை எடுங்கள், குளிர் நாளில் இன்னொரு முறையும்.

கலிபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து: ஈயக் குண்டு கூடாது என்கிறார்களே, கயோட்டிக்குமா?

ஆம். 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. செம்புக் குண்டு அதே எடையில் ஈயத்தைவிட நீளம், அதனால் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பழைய 14 அங்குலப் பேரல் என்றால் எடை குறைந்த செம்புக் குண்டுதான் நிலைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து: இங்கே நரிக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நரி வேட்டை குற்றம். தோட்டத்தில் தொல்லை என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

அரிசோனாவிலிருந்து: 400 கெஜத்தில் தெரிவது கயோட்டிதானா என்று எப்படி உறுதி செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் மெக்சிகன் ஓநாய் இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் அதை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பாதுகாக்கிறது. வட அமெரிக்காவின் மற்ற சாம்பல் ஓநாய்களைவிடச் சிறியது, நிறமும் கயோட்டியை ஒத்தது. ஸ்கோப்பை வைத்து அடையாளம் தேடாதீர்கள், அதற்கு பைனாகுலர் வேண்டும். கயோட்டிக்கு மூக்கு ஒடுங்கிக் கூராக இருக்கும், காது தலைக்குப் பெரிதாக நிமிர்ந்து நிற்கும், கால் மெலிவு. ஓநாய்க்கு முகவாய் அகலம், காது நுனி உருண்டை, பாதம் பெரிது. கழுத்தில் பட்டை தெரிந்தால் அது ஆராய்ச்சிக்காகக் கட்டியதாகவோ பண்ணை நாயாகவோ இருக்கலாம். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வானமோ சாலையோ தெரிந்தால், கயோட்டியே ஆனாலும் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.